முப்பத்தேழாம் குழாயின் அடிப்பக்கம்

பலாங்கொடைக்கு மேலே மலைச்சரிவில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பதினொரு ஆண்டுகள் வேலை செய்தேன். அதில் ஆறு ஆண்டுகள் ஒரே மனிதனோடு பகையாக இருந்தேன். அவன் எங்கள் தண்ணீர்க் குழாயைக் காவல் பார்த்தவன். தோட்டத்தில் எல்லோருக்கும் அவன் பைப்புக்காரன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவன். அப்போது எனக்கு நாற்பது நடந்துகொண்டிருந்தது.

தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். அதன் இயந்திர அறை என் பொறுப்பு. என்னை இஞ்சின் ஐயா என்று கூப்பிட்டார்கள். இஞ்சினைவிட எனக்குக் கவலை தந்தது குழாய்தான். மலைக்கு மேலே ஓர் ஓடையை மறித்துத் தொட்டி கட்டியிருந்தார்கள். அங்கிருந்து ஒன்பது அங்குல இரும்புக் குழாய், ஒன்றோடொன்று போல்ட் போட்டு முடுக்கிய அறுபத்து நான்கு துண்டுகளாக, தேயிலை மலை வழியே நேராக ஸ்டோருக்கு இறங்கும். அந்தத் தண்ணீர் கீழே ஒரு சிறிய வாய் வழியாகப் பீறிட்டு நீர்ச்சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் சுற்றினால்தான் கொழுந்து உருட்டும் மெஷினும் உலர்த்தும் விசிறியும் ஓடும். குழாயின் அடிவாரத்தில் தண்ணீருக்கு இருந்த அழுத்தம் சாதாரணமானதல்ல. ஒருமுறை ஒரு மூட்டிலிருந்து ஊசி போலப் பாய்ந்த தண்ணீர் பக்கத்தில் நின்ற சவுக்கு மரத்தின் பட்டையை உரித்துவிட்டது.

சனிக்கிழமைதோறும் நான் சின்னச் சுத்தியலோடு மேல்தொட்டி வரை ஏறி, அங்கிருந்து இறங்கிக்கொண்டே ஒவ்வொரு துண்டையும் தட்டிப் பார்ப்பேன். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். கெட்ட இரும்பு மந்தமாகச் சொல்லும். ஒவ்வொரு துண்டின் முதுகிலும் ரூபாய்க் காசு அளவுக்கு வர்ணத்தைச் சுரண்டி, சுற்றிலும் வெள்ளை வட்டம் போட்டு, நம்பர் எழுதியிருந்தேன். ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில், அதே சுத்தியலால், அதே கையால் மூன்று தட்டு. இடம் மாறினால் போன வாரத்துச் சத்தத்தோடு இந்த வாரத்துச் சத்தத்தை ஒப்பிட முடியாது என்பது என் கணக்கு. நோட்டுப் புத்தகத்தில் அறுபத்து நான்கு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சொல். ஆறு ஆண்டுகளில் ஒரு சனிக்கிழமைகூட நான் தவறவிட்டதில்லை. காய்ச்சலோடும் ஏறியிருக்கிறேன்.

பைப்புக்காரனுக்கு அந்த வெள்ளை வட்டங்களைக் கண்டால் சிரிப்பு. அவன் வேலை மேல்தொட்டியில் குப்பை வாருவது, மணல் அள்ளுவது, குழாய் வழியே ஏறி இறங்கிக் கசிவு பார்ப்பது. எழுதப் படிக்கத் தெரியாது. வெற்றிலை எச்சிலைக் குழாய் தாங்கும் கல்தூண்களில்தான் துப்புவான். வேண்டாம் என்று நான் சொன்ன நாளிலிருந்து நம்பர் பார்த்துத் துப்பினான் என்றே நினைக்கிறேன். ஒரு சனிக்கிழமை நான் தட்டிக்கொண்டு வரும்போது, மேல் வரிசையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களுக்குக் கேட்கும்படியாகவே சொன்னான்:

“ஐயா கதவைத் தட்டுற மாதிரி தட்டிட்டுப் போறாருங்க. உள்ள யாரு இருக்காங்கன்னு பாக்கிறது இல்ல.”

பெண்கள் கூடையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார்கள். நான் நோட்டில் எழுதிக்கொண்டே நடந்தேன். காது சுட்டது.

ரப்பருக்கும் தேயிலைக்கும் விலை விழுந்துபோன காலம் அது. தோட்டம் தோட்டமாக ஆட்களைக் குறைத்தார்கள். பைப்புக்காரனுக்குத் துணையாக மணல் அள்ளிய ஆளையும் நிறுத்திவிட்டார்கள். அதே நேரத்தில் எங்கள் ஓடைக்கு மேலே, எல்லைக்கு அப்பால் இருந்த சிங்களக் கிராமத்து நிலத்தில், மாணிக்கம் தோண்டத் தொடங்கினார்கள். அந்தக் குழியைச் சிங்களத்தில் பத்தல் என்பார்கள். குழியிலிருந்து எடுத்த கல்மணலைக் கூடையில் போட்டு ஓடையில்தான் அலசுவார்கள். கழித்துவிட்ட மணல் எல்லாம் ஓடையோடு எங்கள் தொட்டிக்கு வந்தது. வாரத்துக்கு இரண்டு முறை மணல் அள்ளிய தொட்டியில் தினமும் அள்ளினாலும் தீரவில்லை.

அவன் இதை என்னிடம் சொல்லாமல் இல்லை. முப்பத்தேழாம் துண்டு இருக்கும் இடத்தில் மலையின் செங்குத்து முடிந்து சரிவு படுக்கும். அங்கே குழாய் வளையும். அந்த வளைவில் நின்றுகொண்டு, அடியில் தட்டிப் பார்க்கச் சொன்னான். அடியில் தட்ட வேண்டுமென்றால் கல்தூணுக்குப் பக்கத்தில் சேற்றில் மல்லாக்கப் படுக்க வேண்டும். அட்டை நிறைந்த இடம். நான் வெள்ளைக் கால்சட்டை போட்டிருந்தேன். என் வட்டம் முதுகில் இருக்கிறது, அடியில் இல்லை என்றேன். அப்போது அவன் மடியிலிருந்து ஒரு சிட்டிகை மணலை எடுத்தான். கறுப்பும் இளஞ்சிவப்புமாக, வெயிலில் மினுமினுத்தது. அவன் அன்று எத்தனை நிமிடம் தாமதம் என்று பார்க்க நான் கடிகாரத்தைக் கையில் பிடித்திருந்தேன். அதன் கண்ணாடியில் மணலை வைத்துக் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தான். கண்ணாடியில் மூன்று கீறல் விழுந்தது.

“இதுதாங்க ராப்பகலா உள்ள ஓடுது” என்றான்.

அவன் தாமதமாக வந்ததையும் என் கடிகாரத்தைக் கெடுத்ததையும் அன்றே ஆபீசில் சொன்னேன். அவனுக்கு அரைப்பேர் போட்டார்கள். அதாவது முழுநாள் வேலை செய்தும் அரைநாள் வேலையென்று பதிவு. மணலைப் பற்றி நான் ஆபீசில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நோட்டிலும் எழுதவில்லை. என் கட்டங்களில் அதற்கு இடமில்லை.

அடுத்த வாரம் தோட்ட முதலாளிகளின் ஏஜெண்ட் துரை தோட்டம் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அவர் வருவதற்கு முன் குழாய் முழுவதும் தார் பூசுவது எங்கள் வழக்கம். மழையில் நனைந்த துருவின் மேலேயே பூசுவோம். தூரத்தில் நின்று பார்ப்பவருக்குப் புதுக் குழாய் போல இருக்கும். நானே முன்னின்று பூசவைத்தேன். என் வெள்ளை வட்டங்களின் மேல் தார் படக்கூடாது என்று மட்டும் ஒவ்வொரு துண்டிலும் நின்று எச்சரித்தேன்.

ஏஜெண்ட் துரை திருப்தியாகப் போனார். அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னே, முப்பத்தேழாம் துண்டு வெடித்தது.

நான் இயந்திர அறையில் இருந்தேன். மலையில் ஏதோ பாறை உருண்டது போல ஒரு சத்தம். சக்கரம் தளர்ந்தது, பெல்ட்டுகள் சோர்ந்தன, விசிறி நின்றது. வெளியே ஓடிப் பார்த்தால் மலையின் நடுவில் ஒரு வெள்ளைத் தூண் சாய்வாக நின்றது. தண்ணீர் இரண்டு வரிசைத் தேயிலைச் செடிகளை வேரோடு பிடுங்கி, தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு மேலே இருந்த மரவள்ளித் தோட்டத்தில் கொண்டுபோய்ப் போட்டது. மேலே ஓடி மதகை அடைத்தவன் பைப்புக்காரன்தான். அதை அன்று யாரும் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. வெடிப்பதற்குக் கொஞ்சம் முன்னே அவன் அந்த வளைவில் அலவாங்கோடு நின்றதை மூன்று பெண்கள் பார்த்திருந்தார்கள். கல்தூணின் அடியில் தேங்கிய தண்ணீருக்கு வழி வெட்டிக்கொண்டிருந்ததாக அவன் சொன்னான். அலவாங்கு என்பது ஆள் உயரத்துக்குக் கூர்மையான இரும்புக் கம்பி. அரைப்பேர் போட்டதில் அவன் கொதித்துக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் தோட்டத்தை நடத்திய துரை என் நோட்டைக் கேட்டார். தோட்டத்து வெள்ளைக்காரர்கள் தமிழைப் புத்தகத்தில் படித்து, லயத்தில் பழகியவர்கள். யாரையும் நீ என்றுதான் பேசுவார்கள். சனிக்கிழமைப் பக்கத்தில் முப்பத்தேழாம் கட்டத்தில் விரலை வைத்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நல்ல சத்தம் என்று படித்தேன்.

“சனிக்கிழமை நல்லது. செவ்வாய்க்கிழமை ஓட்டை. அப்ப அவன் குத்தினான்” என்றார் துரை.

நான் மறுத்துப் பேசவில்லை. உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதக் கூசுகிறது. இருந்தாலும் அன்று இருந்தது அதுதான்.

மறுநாள் காலை பிரட்டுக்களத்தில், எல்லோரும் வேலைக்கு வரிசை நிற்கும் இடத்தில், துரை சொன்னதைப் பெரிய கங்காணி உரக்கச் சொன்னார்: பைப்புக்காரன் குரோதத்தில் பைப்பை உடைத்தான், வெள்ளிக்கிழமைக்குள் குடும்பத்தோடு காம்பராவைக் காலி செய்ய வேண்டும், பத்துச்சீட்டில் காரணமும் எழுதப்படும். பத்துச்சீட்டு என்பது தோட்டத்தை விட்டுப் போகிறவனுக்குக் கொடுக்கும் தாள். அது இல்லாமல் வேறு தோட்டத்தில் சேர முடியாது. அதில் இப்படி ஒரு காரணம் எழுதியிருந்தால், கஹவத்தையிலிருந்து எஹலியகொட வரைக்கும் எந்தத் தோட்டமும் வாசலில்கூட நிற்க விடாது. அதுவும் இருக்கிற ஆட்களையே குறைத்துக்கொண்டிருந்த காலத்தில். அவனுக்கு மனைவியும், கண் தெரியாத மாமியாரும். அந்த லயத்துக் காம்பராவைத் தவிர அவர்களுக்கு இந்த நாட்டில் வேறு கூரை இல்லை. பைப்புக்காரன் என்னை மட்டும் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். பார்வையை நான் முதலில் எடுக்கவில்லை.

அன்று மத்தியானம் எட்டுப் பேர் வெடித்த துண்டைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்து இயந்திர அறைக்கு முன்னால் போட்டார்கள். புதுத் துண்டுக்குக் கொழும்புக்கு எழுத வேண்டும். அளவு எடுப்பது என் வேலை. கனம் பார்க்கும் கவையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதுகில் காலே அரைக்கால் அங்குலம். கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த கனம். விலாவில் கால் அங்குலம். அடியில் வீசம், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குகூட இல்லை. கவையின் இரண்டு நுனியும் ஒன்றையொன்று தொடுவது போல வந்தன. கவைதான் கெட்டுவிட்டதோ என்று அதைத் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தேன். மூன்று முறை பிடித்தேன்.

பிறகு குனிந்து உள்ளே பார்த்தேன். மேல்பாதியில் துரு முடிச்சு முடிச்சாகக் கட்டிப்போயிருந்தது. அடிப்பாதியில் துருவே இல்லை. அலை அலையாகக் குழிந்து, தேய்த்த வெள்ளிக் கரண்டி போலப் பளபளத்தது. தண்ணீர் செங்குத்தில் இறங்கிவந்து திரும்பும் இடம் அது. மணல் முழுவதும் அந்த அடியில்தான் மோதித் தேய்த்திருக்கிறது. வெளிப்பக்கம், கல்தூணில் குழாய் உட்கார்ந்த இடத்தில், தாரை நகத்தால் தூக்கினேன். அது தோலாக உரிந்து வந்தது. அடியில் இரும்பு ஏடு ஏடாக ஈரத்தோடு உதிர்ந்தது. உள்ளே மணலும் வெளியே ஈரமுமாக இரண்டு பக்கமும் தின்று, நடுவில் ஒரு தகரத்தை மிச்சம் வைத்திருந்தன. ஓட்டையின் விளிம்பு வெளிப்பக்கமாக மடிந்திருந்தது. அலவாங்கால் குத்தியிருந்தால் உள்ளே மடிந்திருக்கும்.

கடைசியாக, எதற்கென்று தெரியாமல், என் சுத்தியலை எடுத்து முதுகில் இருந்த வெள்ளை வட்டத்தில் மூன்று தட்டுத் தட்டினேன். கணீரென்றது. ஒரு முழ நீளத்துக்கு வாய் பிளந்து செத்துக் கிடந்த குழாய் அது. அதுகூட எனக்கு நல்ல சத்தம்தான் கொடுத்தது. ஆறு ஆண்டுகளாக நான் எழுதிய அத்தனை நல்ல சத்தமும் அந்தச் சத்தம்தான்.

எனக்கு அவன் மேல் இருந்த கோபம் அதனால் குறையவில்லை. கூடியது என்றுதான் சொல்ல வேண்டும். அவன் சொன்னது சரி என்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்டோருக்குப் பொறுப்பான டீ மேக்கர் வந்து எட்டிப் பார்த்தார். அளவை எழுதி அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கும்படி சொன்னார். பைப் தேய்ந்து வெடித்தது என்று தெரிந்தால் ஏஜெண்ட் துரை எங்கள் துரையைக் கேட்பார், எங்கள் துரை என்னைக் கேட்பார் என்பது அவர் வாதம். அது உண்மைதான். புதன்கிழமை சாயங்காலம் முழுவதும் அந்த அளவுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதுகில் எடுத்த அளவை மட்டும் எழுதி அனுப்பினால் போதும். யாரும் அடியைக் கேட்கப் போவதில்லை. ஆனால் அடியில் வீசத்துக்கும் குறைவு என்று ஏற்கெனவே எழுதிவிட்டேன். எழுதிய அளவை அழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

வியாழக்கிழமை காலை ஆபீசுக்குப் போனேன். துரை நோட்டை மேசையில் போட்டார்.

“உன் புஸ்தகம் நல்லதுன்னு சொல்லுது. நீ கெட்டதுன்னு சொல்லுறே. எது பொய்?”

“புஸ்தகம் பொய்யிங்க துரை.”

“யாரு எழுதினது?”

“நான்தானுங்க.”

அவர் நம்பவில்லை. பைப்புக்காரன் என் ஆள், அவனைக் காப்பாற்ற வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். அதைக் கேட்டு எனக்கே சிரிப்பு வந்தது. அடுத்த துண்டையும் பார்க்க வேண்டும் என்று கெஞ்சி மலைக்கு அழைத்துப்போனேன். தண்ணீர் இல்லாமல் காலியாகக் கிடந்தது குழாய். முப்பத்தெட்டாம் துண்டின் கீழே சேற்றில் மல்லாக்கப் படுத்தேன். கழுத்துக்குள் அட்டை ஏறியது தெரிந்தது. சுத்தியலின் கூர்முனையால் அடிப்பக்கத்தில் ஓர் அடி. சத்தமே வரவில்லை, முனை உள்ளே போய் மாட்டிக்கொண்டது. இழுத்தபோது உள்ளே மிஞ்சிக் கிடந்த துருத் தண்ணீர் என் முகத்தில் வடிந்தது. துரை குனிந்து அந்த ஓட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, எல்லாத் துண்டுகளையும் கழற்றி, தேய்ந்த அடி மேலே வரும்படி திருப்பிப் போட எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். பைப்புக்காரன் இல்லாமல் ஆகாது என்றேன். என்னைத் திட்டிய திட்டை எழுத வேண்டியதில்லை. இறங்கிப் போகும்போது, “அவன் இருக்கட்டும்” என்றார்.

நான் சேற்றோடு லயத்துக்குப் போனேன். அவன் காம்பரா வாசலில் சட்டி பானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தான். மனைவி உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வரவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அவன் கட்டுவதை நிறுத்தவில்லை.

“இங்க வந்து என் காதுல சொல்றீங்க. பிரட்டுல தோட்டமே கேக்கச் சொன்னாங்க. அங்க சொன்னத அங்கதாங்க எடுக்கணும்.”

துரையே விட்டுவிட்டார், இனி யார் என்ன சொல்வார்கள் என்றேன்.

“துரை நாளைக்கு வேற தோட்டத்துக்குப் போயிருவாரு. நான் இந்த சனத்தோடதான் தண்ணி மொள்ளணும். நீங்க சொல்லுங்க. உங்க நோட்டுதானே என்னைக் குத்தினது.”

வெள்ளிக்கிழமை காலை பிரட்டுக்களத்தில் பெரிய கங்காணி பெயர் கூப்பிடுவதற்கு முன் நான் முன்னால் போய் நின்றேன். இருநூறு பேர் இருப்பார்கள். தயார் செய்துவைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. பைப் தேய்ந்துதான் வெடித்தது, யாரும் குத்தவில்லை, நான் முதுகில் மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு நல்லது என்று எழுதினேன், அடியில் பார்க்கச் சொன்னவன் அவன், நான் பார்க்கவில்லை என்றேன். கொழுந்துக்காரப் பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: “ஐயா கால்சட்டை நனைஞ்சிருமேன்னு பாத்திருப்பாரு.” சிரிப்பு வரிசை வரிசையாகப் போயிற்று. பெரிய கங்காணி சத்தம் போட்டு அடக்கி, எதுவும் நடக்காதது போல வேலை பிரித்தார்.

களம் காலியான பிறகும் அவன் போகவில்லை. நன்றி சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். எப்படி மறுப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

“பத்துச்சீட்டு எழுதினாங்களே, அதைக் கிழிச்சுட்டாரா துரை?”

கிழித்திருப்பார் என்றேன்.

“நீங்க பாத்தீங்களா?”

நான் பார்க்கவில்லை. அவன் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இருந்தாலும் ஆபீசுக்குப் போனேன். தாள் கிழிபடவில்லை. கிளாக்கரின் தட்டில், குரோதத்தால் குழாயை உடைத்தவன் என்ற வரியோடு, துரையின் கையெழுத்தோடு அப்படியே கிடந்தது. அன்று மாலை மற்றத் தாள்களோடு பதிவுக்குப் போயிருக்கும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. துரை மறந்துவிட்டார், கிளாக்கருக்கு யாரும் சொல்லவில்லை.

துரை மலையிலிருந்து வர பதினொரு மணி ஆயிற்று. அதுவரை ஆபீஸ் வாசலில் நின்றேன். அவர் எரிச்சலோடு தாளின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, ரத்து என்று எழுதி, கையெழுத்து வைத்தார். மையைக் காயவைத்து, எடுத்துக்கொண்டு பிரட்டுக்களத்துக்குத் திரும்பினேன். அவன் அதே இடத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்தான். தாளை வாங்கி, படிக்கத் தெரியாதவன், கோடுகளை மட்டும் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தான். நாலாக மடித்து மடியில் செருகினான். அலவாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்க்காமல் மலை ஏறினான்.

குழாய் முழுவதையும் திருப்பிப் போட எங்களுக்கு ஐந்து வாரம் பிடித்தது. அந்த ஐந்து வாரமும் வேலைக்கு வேண்டிய சொற்களைத் தவிர அவன் என்னோடு ஒரு சொல் பேசவில்லை. நானும் பேசவில்லை.